மழைக்குக் கழிவு

எங்கள் லயத்துக்கு இரண்டு வெளிநாடுகள் வந்தன. எந்த நாடுகள் என்று நான் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் தூதரகத்திலிருந்து கடிதம் வரும், அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும், எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஒரு நாடு வந்த அன்றைக்கு வீட்டுக்கொரு குடை கொடுத்தது. இன்னொன்று வீட்டுக்கொரு பெரிய டின் நிறைய பிஸ்கட் கொடுத்தது. ஆகவே குடை நாடு, பிஸ்கட் நாடு. எங்கள் பெயர்களை அவர்கள் உச்சரித்த லட்சணத்துக்கு இது ஒன்றும் மோசமில்லை.

என் பெயர் ராஜகுமாரி. ராஜபோகம் பெயரோடு சரி. நீலகிரியில் சேரங்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் கரிமூலை எஸ்டேட் வரும். அங்கே மூன்றாம் நம்பர் லயத்தில் ஆறாவது வீடு என்னுடையது. என் அப்பாவும் அம்மாவும் இலங்கையில் தேயிலைக் கொழுந்து பறித்தார்கள். அங்கே இருக்காதே என்று கப்பலேற்றி அனுப்பியதும் இங்கே வந்து கொழுந்து பறித்தார்கள். நான் கப்பல் ஏறாமலே அதே வேலையை முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிறேன்.

லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு தொழிலாளர் வீடுகள். லயத்துக்கு மேலே மலை. நாலு வருடத்துக்கு முன்னால் பெய்த மழையில் அந்த மலையில் ஒரு வெடிப்பு விட்டது. இருநூறு அடி நீளம், கை நுழையும் அகலம். அதே வாரம் என் அடுப்படிச் சுவரிலும் ஒரு வெடிப்பு விட்டது. வருடா வருடம் ஆடி மாதத்தில் அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். முதல் வருடம் சுண்டுவிரல் போனது. இப்போது கட்டைவிரல் போகிறது. எனக்குப் பயம்தான். பயமில்லை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் யாராவது வந்து அந்தச் சுவரோரம் ஒரு வாரம் சமைத்துப் பார்க்கட்டும்.

சர்க்காரிடம் வேறு வீடு கேட்டோம். அதற்கு ஒரு விதி இருக்கிறது என்றார்கள். ஜூன் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் ஓர் இடத்தில் மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் அந்த இடம் சிவப்புப் பட்டியலில் சேரும். சேர்ந்தால் கீழே சமதரையில் புது வீடு. சேராவிட்டால் தார்ப்பாய். நாலு வருடமாகத் தார்ப்பாய் வாங்கினோம். எங்கள் இடத்தில் எவ்வளவு பெய்கிறது என்று யாரும் அளந்ததே கிடையாது. எங்கோ தள்ளியிருக்கிற ஊரின் மழையை எங்கள் தலையிலும் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

இந்த நிலையில்தான் போன மே மாதம் இரண்டு நாடுகளும் வந்து இறங்கின. கூடவே சென்னையிலிருந்து கீர்த்திவாசன் என்று ஒரு விஞ்ஞானி வந்தார். ஒல்லியான ஆள், அட்டைக்குப் பயந்து நிலக்கரி அள்ளுகிறவர் மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டிருப்பார், ஆனால் நல்ல மனிதர், கேட்டதற்குப் பதில் சொல்வார். இரண்டு நாடுகளும் வானத்தில் ஆளுக்கொரு செயற்கைக்கோள் விட்டிருக்கின்றனவாம். அது மேலேயிருந்தே கீழே பெய்கிற மழையை அளந்துவிடுமாம். இந்துமாக்கடலைச் சுற்றியுள்ள எட்டு நாடுகள் அந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளப் போகின்றன. எந்த அணையை எப்போது திறப்பது, எந்தப் பயிருக்கு நஷ்ட ஈடு, எந்த ஊரைக் காலி செய்வது எல்லாம் இனி அந்த எண்ணைப் பார்த்துத்தான் என்றார். மலைப் பக்கத்தில்தான் செயற்கைக்கோள் தடுமாறும் என்பதால், யாருடைய எண் சரி என்று பார்க்க மலையில் தரையிலேயே அளக்கிறார்கள். அப்படி அளக்கிற இடங்களில் கரிமூலையும் ஒன்று. இது போட்டியில்லை, பன்னாட்டு ஒத்துழைப்பு என்று அவர் மூன்று தடவை சொன்னார்.

எனக்கு அவர் முதல் தடவை சொல்லும்போதே புரிந்துவிட்டது. இது நாங்கள் கொழுந்து நிறுக்கிற மடுவம்தான். மடுவத்தில் யாருடைய தராசு தொங்குகிறதோ, அவரிடம்தான் எல்லோரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். நின்ற பிறகு அவர் சொன்னதுதான் எடை. எட்டு நாடுகள் சாக்கோடு வரிசையில் நிற்கப்போகின்றன, தராசை மாட்டுவது யார் என்பதுதான் பேச்சு. இதற்குப் போய்க் கோட்டுப் போட்டவர்கள் இவ்வளவு பேர் எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

இரண்டு நாடுகளும் ஆளுக்கொரு தானியங்கி மழைமானியைக் கொண்டுவந்து வைத்தன. குடை நாட்டினுடையதை யானை வந்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனது. பிஸ்கட் நாட்டினுடையதற்குள் எறும்பு குடித்தனம் வைத்தது. மிச்சமிருந்தது நம் நாட்டு மழைமானி. ஒரு புனல், அதற்கடியில் ஒரு பாத்திரம், அளக்க ஒரு கண்ணாடிக் குழாய். காலை எட்டரை மணிக்கு ஓர் ஆள் போய், பாத்திரத்துத் தண்ணீரைக் குழாயில் ஊற்றிப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. பல்லாயிரம் கோடிச் செயற்கைக்கோள் இரண்டின் தலையெழுத்து அந்தக் குழாயில் இருந்தது. எங்கள் பன்னிரண்டு வீட்டின் தலையெழுத்தும் அதிலேயே இருந்தது.

எழுதுகிற வேலை பரமசிவன் ஐயாவுக்குப் போனது. சுற்றிலும் புல் வெட்டி, பக்கத்து வீட்டுச் சின்னம்மையின் பசு உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு வந்தது.

பரமசிவன் ஐயாவைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல முடியாது, முயன்று பார்க்கிறேன். முப்பத்தொரு வருடம் எங்கள் மடுவத்தில் எடை எழுதிய கணக்கப்பிள்ளை. ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், போக இடமில்லாமல் எங்கள் லயத்துப் பன்னிரண்டாவது வீட்டுக்கே வந்துவிட்டார். லஞ்சம் வாங்கமாட்டார். பொய் எழுதமாட்டார். ரிஜிஸ்தரில் அடித்தல் திருத்தல் கிடையாது. ஆனால் கழிவு போடுவார். ஈரக் கொழுந்தில் தண்ணீர் எடை இருக்கும் என்று பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிப்பது மடுவத்து வழக்கம். இவர் மழை நாளில் ஈரத்துக்குக் கழிவு, வெயில் நாளில் பனிக்குக் கழிவு, பனியும் இல்லாவிட்டால் சாக்குக்குக் கழிவு என்று ஒரு நாளும் விட்டதில்லை. கையை உயர்த்திக் கும்பிட்டால்கூட அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் ஏற்றுக்கொள்வார் என்று சின்னம்மை சொல்வாள்.

நாங்களும் சும்மா இருந்ததில்லை. கழிவு போடுவார் என்று தெரிந்த பிறகு சாக்கில் நாலு கை தண்ணீர் தெளிப்போம், அடியில் முற்றின இலையைத் திணிப்போம். அவர் கழிப்பார், நாங்கள் கூட்டுவோம், சாயங்காலம் இரண்டு பக்கமும் சரியாகிவிடும். இதில் நான் இரண்டு வித்தை கற்றுக்கொண்டேன். ஒன்று, எண்களைத் தலைகீழாகப் படிப்பது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் எழுத, இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். இரண்டு, என் எடையை நானே அடுப்படிச் சுவரில் கரியால் குறித்து வைப்பது.

ஆகவே மழையை எழுதப்போவது பரமசிவன் ஐயா என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, ஜூன் முதல் தேதி, காலியான பிஸ்கட் டின்னை வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் ஒரு கட்டையின்மேல் கம்பி போட்டுக் கட்டிவைத்தேன். காலையில் அதற்குள் ஸ்கேலை விட்டு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துச் சுவரில் எழுதினேன். சந்தேகம் என்று சொல்லாதீர்கள். முப்பத்தொரு வருட அனுபவம் என்று சொல்லுங்கள்.

ஜூன் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். என் சுவரில் தொள்ளாயிரத்து நாற்பது. அன்றைக்குப் புல் வெட்டுகிற சாக்கில் அவர் எதிரில் போய் நின்று ரிஜிஸ்தரைத் தலைகீழாகப் படித்தேன். எண்ணூற்று நாற்பத்தாறு. பத்துக்கு ஒன்று, துளி பிசகாமல்.

மனிதர் மழைக்கும் கழிவு போட்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். தண்ணீருக்கு எதற்கு ஐயா ஈரக் கழிவு என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவே இல்லை. பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"மழை வேற, ஈரம் வேற ராஜகுமாரி. மூடுபனி இறங்குறது இருக்கு, புனல்ல ஒட்டுனது இருக்கு, குழாயில முந்தின நாள் ஈரம் இருக்கு. அதையெல்லாம் மழைன்னு எழுதிட்டா, நாளைக்கு ஆடிட்டுல என்னையத்தான் கேப்பாங்க."

இப்படியே போனால் எங்கள் கணக்கு மூவாயிரத்தைத் தொடாது, அவர் வீடும் சேர்த்துத்தான் போகும் என்றேன். சொந்த வீட்டுக்காக எடையைக் கூட்டி எழுதுகிற ஆள் தான் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் ஜூன் மாதக் கணக்கு வெளிநாடு போய்விட்டது. பிஸ்கட் நாட்டுச் செயற்கைக்கோள் எண்ணூற்று ஐம்பது என்று சொல்லியிருந்ததாம். எங்கள் ரிஜிஸ்தரோடு அச்சாகப் பொருந்திவிட்டது. அங்கே கேக் வெட்டினார்கள் என்று கீர்த்திவாசன் போனில் படம் காட்டினார். எங்கள் கணக்கப்பிள்ளையின் கழிவும் அந்தச் செயற்கைக்கோளின் கோளாறும் ஒரே அளவு என்பது அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த யாருக்கும் தெரியாது.

கீர்த்திவாசனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். கழிவைப் பற்றி முப்பத்தொரு வருடம் மேலே புகார் சொல்லி என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். புகாரால் ஒரு கிலோகூடத் திரும்பி வந்ததில்லை. சாக்கில் தெளித்த தண்ணீரால் வந்திருக்கிறது. அதனால் என் கை பழகிய வழிக்கே போனது. அவர் கழிப்பதை, அவர் கழிக்கும் முன்பே மழைமானியில் ஊற்றிவிடுவது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் பத்து மில்லிமீட்டர் கூடும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். நூறு மில்லிமீட்டர் பெய்த நாளில் ஒரு டம்ளர், ஐம்பது பெய்தால் அரை டம்ளர். டின்னைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். கூட ஒரு சொட்டு ஊற்றியதில்லை. என்னிடம் திருடியதைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

என் தப்பு, இதை இரண்டு பேரிடம் சொன்னது. ஒருத்தி பக்கத்து வீட்டுச் சின்னம்மை. இன்னொருத்தி லயத்து முனையில் டீக்கடை வைத்திருக்கிற முனவ்வரா. லயம் போனால் கடையும் போகும், அவள் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. எனக்கு முடியாத நாளில் யாராவது ஊற்ற வேண்டுமே என்றுதான் சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் நான் மறந்துவிடுவேனோ என்று பயந்து நாலு நாளைக்கொரு தடவை ஆளுக்கொரு டம்ளர் ஊற்றியிருக்கிறார்கள். மழைமானி வேலியின் பூட்டும் சாவியும் என்னிடம்தான், ஆனால் சின்னம்மையின் பசு ஸ்ரீமதி வேலியில் ஏற்கெனவே ஒரு வழி போட்டு வைத்திருந்தது. அந்த வழியாக ஒருத்தி வருவது இன்னொருத்திக்குத் தெரியாது.

ஜூலையில் பெய்தது ஆயிரத்து நூற்றிருபது. ரிஜிஸ்தரில் ஆயிரத்து இருநூற்று நாற்பது. குடை நாட்டின் செயற்கைக்கோளும் கிட்டத்தட்ட அதே எண்ணைச் சொன்னது. இந்தத் தடவை குடை நாட்டில் கேக் வெட்டினார்கள். ஆகஸ்டும் அப்படியே போனது.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி எனக்குக் காய்ச்சல். முந்தின நாளெல்லாம் வெயில், இரவு வானத்தில் மேகமே இல்லை, டின் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. சுவரில் ஒரு சைபர் போட்டுவிட்டு நான் மறுபடி படுத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் வழக்கம்போல ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போய்விட்டார்கள். மழை வந்ததா இல்லையா என்று பார்க்கக் கூடாதா என்று பிற்பாடு சின்னம்மையைக் கேட்டேன். வெயில் நாளிலும் சாக்கில் தண்ணீர் தெளிக்கத்தானே செய்தோம், அப்போதெல்லாம் வானத்தைப் பார்த்தோமா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

பரமசிவன் ஐயா எட்டரைக்குப் போனார். இருபது மில்லிமீட்டர் இருந்தது. இரண்டு கழித்துப் பதினெட்டு எழுதினார். சட்டை வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும்போது பதினெட்டு மில்லிமீட்டர் மழை எழுதுகிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. தராசு சொல்வதை எழுதுவது அவர் தொழில். வானத்தைப் பார்ப்பது வேறு யாருடைய வேலையோ.

அந்தப் பதினெட்டு உலகத்தைச் சுற்றி வந்தது. இரண்டு செயற்கைக்கோளும் அன்றைக்கு எங்கள் தலைக்குமேல் மேகமில்லை என்று சத்தியம் செய்தன. மேகமில்லாமல் மழை எப்படி? குடை நாடு, அரபிக்கடலில் நிற்கிற பிஸ்கட் நாட்டுக் கப்பலிலிருந்து ஏதோ ரகசியமாகத் தூவிச் செயற்கை மழை பெய்யவைக்கிறார்கள் என்று எழுதியது. பிஸ்கட் நாடு, தங்கள் கணக்கைக் கெடுக்கக் குடை நாட்டுக்காரர்கள் செய்த சதி என்று எழுதியது. டெல்லியில் தூதர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். டிவியில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, நீலகிரியின் வானம் யாருக்குச் சொந்தம் என்று கத்தினார்கள். முனவ்வராவின் கடையில் உட்கார்ந்து நாங்களும் பார்த்தோம். சின்னம்மை டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை.

சிரிப்பு கீர்த்திவாசன் வரும்வரைக்கும்தான். அவர் முகம் செத்திருந்தது. இரண்டு நாடுகளும் டெல்லிக்காரர்களும் அக்டோபர் மூன்றாம் தேதி நேரில் வருகிறார்கள், சந்தேகம் தீரவில்லை என்றால் கரிமூலைக் கணக்கு மொத்தத்தையும் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்றார். அப்படியானால் சிவப்புப் பட்டியல் என்னாகும் என்று கேட்டேன்.

"கணக்கே இல்லன்னா பட்டியல் எப்படிங்க வரும்? பழையபடி பக்கத்து ஊர்க் கணக்குதான்" என்றார்.

மறுபடி தார்ப்பாய். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சுவர் வெடிப்பில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன். விட்டுச் சுழற்ற முடிந்தது. என் கெட்டிக்காரத்தனத்தால் பன்னிரண்டு வீட்டையும் மண்ணுக்கடியில் அனுப்பப் பார்த்தேனே என்று என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

மூன்றாம் தேதி பிரட்டுக்களத்தில் நாற்காலி போட்டார்கள். குடை நாட்டிலிருந்து நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை, பிஸ்கட் நாட்டிலிருந்து உயரமாக ஓர் ஆள், டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி. ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசத் தொடங்குமுன் நான் எழுந்து நின்றேன்.

"ஊத்துனது நாங்கதாங்க. கழிச்சது கணக்கப்பிள்ளை ஐயா. நடுவுல மழையும் பெஞ்சுச்சு" என்றேன்.

இந்த மூன்று வாக்கியத்தைக் கீர்த்திவாசன் இங்கிலீஷில் இருபது நிமிடம் சொன்னார். பாதியில் கொழுந்துச் சாக்கு ஒன்றைக் கொண்டுவரச் செய்து தண்ணீர் தெளித்தே காட்டினார். பரமசிவன் ஐயாவைக் கேட்டார்கள். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கழிவு போட்டது உண்மைதான், ஒரு நாளும் விட்டதில்லை என்று பெருமையாகவே சொன்னார். மழை வேறு, ஈரம் வேறு என்று அவர்களுக்கும் விளக்கினார். பிஸ்கட் நாட்டு ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஜூன் மாதத்துக் கேக் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு நான் டின்னைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். எட்டுக்குப் பத்து அடுப்படியில் இரண்டு வெளிநாடுகளும் டெல்லியும் இடித்துக்கொண்டு நின்று கரிக்கோடுகளைப் பார்த்தன. நூற்றிருபத்திரண்டு நாள், ஒரு நாளும் விடவில்லை. பக்கவாட்டு நேராக இருக்கிற எந்தப் பாத்திரமும் நல்ல மழைமானிதான் என்று கீர்த்திவாசன் சொன்னார். இதிலும் யாராவது ஊற்றியிருந்தால் என்று டெல்லி அதிகாரி கேட்டார். இதற்குக் கழிவு போட ஆள் இல்லை, அப்புறம் எதற்கு ஊற்ற வேண்டும் என்றேன். பேராசிரியை சுவரிலிருந்த வெடிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் கட்டைவிரலை உள்ளே விட்டார். முழுசாகப் போனது. கையை எடுத்துப் புடவையே கட்டாத அந்த அம்மாள் என் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டினார்கள். மூவாயிரத்து நூற்றெண்பது.

எனக்கு நெஞ்சு நிறைந்தது, ஒரு நிமிடத்துக்கு. பிஸ்கட் நாட்டின் எண் இரண்டாயிரத்து எண்ணூற்றறுபது. குடை நாட்டின் எண் மூவாயிரத்து நானூறு. என் டின்னை ஒப்புக்கொண்டால் இரண்டு செயற்கைக்கோளும் தப்பு. ஐந்து மாதமாக முகம் பார்க்காமல் இருந்த இரண்டு நாடுகளும் முதல் தடவையாக ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன. அடுத்த கால் மணி நேரத்தில் ஒரே குரலில் ஒரு முடிவுக்கு வந்தன. பிஸ்கட் டின் அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல. இதுதான் கரிமூலையில் நடந்த பன்னாட்டு ஒத்துழைப்பு. டின் அவர்கள் நாட்டு டின்தானே என்று நான் கேட்டதைக் கீர்த்திவாசன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

பேரம் முனவ்வராவின் கடையில் நடந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். கூடலூர்ச் சந்தையில் இஞ்சி மூட்டைக்கு நடக்கிற அதே பேரம்தான், இங்கே கோட்டுப் போட்டிருந்தார்கள். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, பேராசிரியை மட்டும் மூவாயிரத்துக்குக் கீழே எந்த எண்ணுக்கும் தலையசைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது டீயில் டெல்லி அதிகாரி இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார். மூவாயிரத்து நூற்று முப்பது. பெயர் கூட்டு மதிப்பீடு. இரண்டு செயற்கைக்கோளுக்கும் சம அளவு பிழை, ஆகவே இரண்டும் சம அளவு சிறந்தவை, ஆகவே எட்டு நாடுகளும் இரண்டையுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். கை குலுக்கினார்கள். பெய்த மழையில் ஐம்பது மில்லிமீட்டர் அந்த மேசையிலேயே காணாமல் போனது. பெரிய இடத்துக் கழிவு என்று நினைத்துக்கொண்டேன். மூவாயிரத்தைத் தாண்டிவிட்டதே, அது போதும்.

கடைசியில் அந்த எண்ணைப் பரமசிவன் ஐயாதான் ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேசைக்கு எதிர்ப்பக்கம் நான் நின்றேன். எல்லோரும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேனா எழுதத் தொடங்கியது. தலைகீழாகப் படித்தேன். முதலில் ஓர் இரண்டு. அடுத்து ஓர் எட்டு.

முப்பத்தொரு வருடப் பழக்கம். மூவாயிரத்து நூற்று முப்பதில் பத்துக்கு ஒன்று கழித்தால் இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.

"ஐயா" என்றேன். "பன்னண்டாவது வீடு உங்களுது."

பேனா நின்றது. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இரண்டையும் எட்டையும் ஒரு கோட்டால் அடித்தார். அவர் ரிஜிஸ்தரில் நான் பார்த்த முதல் அடித்தல். பக்கத்தில் 3130 என்று முழுசாக எழுதினார். எழுதி முடித்ததும் உடம்பு சரியில்லாதவர்போல வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அதற்காக என்மேல் எரிச்சலும் வந்தது.

லயம் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. வீடு வேண்டிய குடும்பங்களின் பட்டியலை எழுதி அனுப்பச் சொன்னார்கள். லயத்தில் திருத்தமாக எழுதத் தெரிந்தவர் அவர்தான். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் எதிரில் போய் நின்றேன், இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவதாக அவர் பெயர். அதோடு முடியவில்லை. பதின்மூன்றாவது, ஆண்டி. சின்னம்மையின் புருஷன், செத்து ஒன்பது வருடமாகிறது. பதினான்காவது, ஸ்ரீமதி, வயது ஏழு, தனிக்குடும்பம்.

அது பசு என்றேன். தெரியும் என்றார். அடித்தல் திருத்தல் இல்லாமல் கையெழுத்துப் போட்டு மடித்து உறையில் வைத்தார். பொய் எழுதாத மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது, இதைக் கண்டுபிடித்து மொத்தப் பட்டியலையும் கிழித்துப் போடப்போகிறார்கள் என்று மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தை பிறந்ததும் ஆர்டர் வந்தது. முனவ்வராவின் கடையில் வைத்து அவரே படித்தார். பதினான்கு வீடுகள் கோரப்பட்டன. நிதிநிலையைக் கருதிப் பன்னிரண்டு வீடுகள் அனுமதிக்கப்படுகின்றன.

சின்னம்மை அழுதுவிட்டாள். முனவ்வரா கல்லாவை விட்டு எழுந்து வந்து அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள். நான் பரமசிவன் ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மடுவத்துக் கழிவு பத்துக்கு ஒண்ணு. சர்க்கார் கழிவு ஏழுக்கு ஒண்ணு" என்றார். "இது தெரியாமயா முப்பத்தொரு வருசம் எழுதுனேன்?"